பதினேழாம் நோட்டில் விடுபட்ட சொல்

போதகரின் மூக்குக்கண்ணாடி புதன்கிழமை காலை எட்டே காலுக்கு உடைந்தது. அதை நாற்காலியில் வைத்தவர் அவர். அதன்மேல் உட்கார்ந்தவரும் அவரே. இருந்தாலும், "இத யாரு இங்க வெச்சது?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல இருக்கறது ரெண்டே பேரு. நான் வைக்கல," என்றாள் மனைவி. "மிச்சத்த நீங்களே யோசிச்சுக்கோங்க."

புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஆகாது என்று கடைக்காரர் போனிலேயே கைவிரித்துவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் போதகருக்கு எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்பது தெரியும். எந்த ஆள் என்பது தெரியாது. எழுத்து சுத்தமாகத் தெரியாது. அன்று பார்த்துப் புதன்கிழமை, ஆலோசனை நாள்.

"மத்தியானம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுட்டு வந்துடு," என்றார். "நோட்டெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டணும்."

அவள் கையிலிருந்த டீக் கோப்பை பாதி வழியில் நின்றது. இருபத்திரண்டு வருடமாக அந்த நோட்டுகளின் அட்டையைக்கூட அவளுக்குக் காட்டாத மனிதர் அவர்.

அதென்ன நோட்டு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். போதகரிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பேர் சொல்ல வேண்டியதில்லை. ஜெப அறையின் வாசலில் ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு நோட்டைப் போட வேண்டும். முதல் பக்கத்தில் கஷ்டத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். அவர் அதற்கு ஓர் எண் கொடுத்து, வேதத்திலிருந்து ஒரு வசனத்தையும் எழுதி அலமாரியில் வைப்பார். அந்த வசனத்தைத் தினமும் பத்துத் தடவை கையால் எழுதி, வாரம் ஒருமுறை திரும்பப் பெட்டியில் போட வேண்டும். நேரில் பேச விரும்புகிறவர்கள் அதே எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையோடு பெஞ்சில் காத்திருக்கலாம்.

"எந்த வார்த்தையில கை தடுக்குதோ அங்கதான் காயம் இருக்கும்," என்பார் போதகர். தடுக்கிய இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கீழே இரண்டு வரி எழுதுவார். எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு வரி தூக்கம் கொடுத்திருக்கிறது. அதை மறுக்க முடியாது.

மருமகன்தான் மறுத்தார். அவர் மனநல ஆலோசகர். சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் தான் எழுதிய சிறு புத்தகத்தை மாமனார் முன்னால் வைத்ததும், போதகர் அதைத் திறக்காமலே ஒரு விரலால் தள்ளிவிட்டதும், "மனசப் பத்திப் படிக்க எனக்கு ஒரு புத்தகம் இருக்கு, அது போதும்" என்றதும், மருமகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மகள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதமாகவே அவள் அப்படித்தான். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரி நடையில் போதகர் மகளுக்கு ஒரு வசனம் சொன்னார். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசினால் வெயில், மழை, பஸ் நேரம், அவ்வளவுதான்.

மத்தியானம் மனைவி அச்சகத்திலிருந்து வந்தபோது போதகர் ஜெப அறைக்குப் பின்கதவு வழியாகவே அவளைக் கூட்டிப்போனார். முன்பக்கம் பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் அவளைப் பார்த்தால் கூச்சப்படுவார்களாம்.

சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்ணிட்ட மரத்தட்டுகள். மேசையில் சிவப்புப் பேனா. அது தன் பையிலிருந்து காணாமல் போனது என்று அவள் பார்த்தவுடனே கண்டுகொண்டாள். பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். சக ஊழியர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே சிவப்பு மை.

"வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது," என்றார் போதகர்.

"என் வாய்ல ரகசியம் நிக்காதுன்னா வேற ஆளப் பாருங்க. நான் போயி என் அச்சு ஃபாரத்தத் திருத்தறேன்."

"சரி சரி, படி."

நான்காம் நோட்டில் பிழை இல்லை. ஒன்பதாம் நோட்டுக்காரர் பக்கத்து வீட்டாரை நேசிக்கச் சொல்லும் வசனத்தை எழுபது தடவை எழுதியிருந்தார். அதில் அறுபது இடத்தில் 'நேசி' என்பது 'யோசி' ஆகியிருந்தது.

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மதில் தகராறு. யோசிக்கறேன்னாவது சொல்றாரே, போன மாசம் அதுவும் இல்ல."

அவளும் சிரித்தாள். இத்தனை வருடம் இந்தக் கதவுக்குப் பின்னால் இவர் இப்படியா இருந்தார்? வீட்டில் உப்புக் குறைந்தாலும் பிரசங்கம் பண்ணுகிறவர், இங்கே முகம் தெரியாத ஒருவருடைய மதில் சண்டைக்காக இவ்வளவு இதமாக யோசிக்கிறார். அவளுக்கு அவர்மேல் பாசம் வந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

"அடுத்தது பதினேழு," என்றாள்.

போதகரின் முகம் மாறியது. "அது வந்திருக்கா? வராதுன்னு நெனச்சேன்."

முதல் பக்கத்தில் 'தூக்கம் வரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் கீழே வேதத்தின் சங்கீதப் பகுதியிலிருந்து போதகர் கொடுத்த வசனம். கடவுளின் வலதுகரத்தில் பலம் உண்டு, நான் சாகமாட்டேன், பிழைத்திருப்பேன், அவர் செய்ததை எடுத்துச் சொல்வேன் என்று வருகிற இடம். அதற்குப் பின் ஆறு வாரப் பக்கங்கள்.

அவள் வாசிக்கத் தொடங்கி, மூன்றாம் வரியில் நின்றாள். "இதுல ஒரு சொல் இல்லையே."

"எனக்குத் தெரியும். 'பிழைத்திருப்பேன்' இருக்காது. சாகமாட்டேன்னு எழுதிட்டு, கொஞ்சம் எடம் விட்டு, அடுத்த சொல்லுக்குப் போயிடுவான். ஆறு வாரமா ஒரு தடவகூட அந்தச் சொல்ல எழுதல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கீழ எழுதியிருக்கேன் பாரு, போன வாரம்."

அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். "'பிழை என்னும் இடத்தில் உன் கை நிற்கிறது. உன்னிடம் ஒரு பிழை இருக்கிறது, அதை மறைக்கிறாய். பாவத்தை அறிக்கையிடும்வரை இந்த வசனம் உனக்கு இல்லை. அதுவரை நோட்டை அனுப்ப வேண்டாம்.'"

வாசித்து முடித்ததும் அவள் நோட்டை மேசையில் இறக்கிவிட்டாள். தன் கணவருடைய எழுத்தைத் தன் குரலிலேயே கேட்டது ஒரு காரணம். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? பிழை என்றால் தப்பு. பிழை என்றால் உயிரோடு இரு என்றும் பொருள். வசனம் சொன்னது ஒன்று, இவர் பிடித்துக்கொண்டது இன்னொன்று.

"ஏங்க, இவ்வளவு கடுமையா யாருக்காவது எழுதியிருக்கீங்களா?"

"இல்ல. இவன் என்னக் கிண்டல் பண்றான்னு தோணுச்சு. கையெழுத்தப் பாரு, படிச்ச ஆளு. ஆனா எழுத்துப் பிழை மட்டும் சின்னப் புள்ள மாதிரி. வேணும்னே பண்றான்."

அவள் அப்போதுதான் கையெழுத்தைக் கவனித்தாள். ஒவ்வொரு 'கை'யிலும் கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளிக்குப் பதில் ஒரு குட்டிக் கோடு.

இந்தக் கோடுகளைப் போன மாதம் முழுவதும் அவள் புள்ளியாக்கிக்கொண்டிருந்தாள், நாற்பது பக்கம்.

"இது மாப்பிள்ள எழுத்து," என்றாள்.

போதகர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார்.

"அவரோட புத்தகத்துக்குக் கையெழுத்துப் பிரதிய நான்தானே திருத்துனேன். நீங்கதான் தொறந்துகூடப் பாக்கல. இது அவரு எழுத்து, சத்தியமா."

போதகரின் காது மடல்கள் சிவந்தன. "அப்போ இது சோதனைதான். ஆறு வாரமா என்னப் பரீட்ச பண்ணியிருக்காரு. மனசு டாக்டரு பொய் நோட்டு போட்டு, நான் என்ன எழுதறேன்னு பாத்து, அதையும் ஒரு புத்தகமாப் போடுவாரு."

"கொஞ்சம் சும்மா இருங்க."

இந்தக் குரலில் அவள் அவரிடம் பேசியதே இல்லை.

அவள் நோட்டை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு, வேலையில் பார்ப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். 'வலது' என்பது 'வளது' என்றிருந்தது. 'கரம்', 'கறம்' ஆகியிருந்தது. சில நாள் சரியாக, சில நாள் தப்பாக. மருமகன் படித்ததெல்லாம் வேறு மொழியில். அவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள். ஆனாலும்.

"இது பாத்து எழுதுனது இல்லீங்க."

"என்ன சொல்ற?"

"முதல் பக்கத்துல நீங்க எழுதிக் குடுத்தது அப்படியே இருக்கு. அதப் பாத்து எழுதுனா மாப்பிள்ளைக்குக்கூட இந்தத் தப்பு வராது. பாத்து எழுதுறவங்களுக்குக் கண்ணு தப்பும், ஒரு வரி தாண்டிப் போயிடுவாங்க. கேட்டு எழுதுறவங்களுக்குத்தான் காது தப்பும். இது காதுப் பிழை. யாரோ சொல்லச் சொல்ல இவரு எழுதியிருக்காரு."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் சரிபார்ப்பது அச்சக வழக்கம். அச்சுத்தாளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்களில் வாசித்துக் காட்டியது மகள்தான். அப்போது அவளுக்குப் பத்து வயது. கால்களை ஆட்டிக்கொண்டே, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து வாசிப்பாள். இப்போதும் குழந்தைகள் நூலகத்தில் கதை வாசிப்பதுதான் அவள் வேலை. நான்கு மாதமாக விடுப்பு.

போதகரும் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார்.

"போன் போடு," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மருமகன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க அத்தை."

"பதினேழாம் நோட்டு என் கையில இருக்கு மாப்பிள்ள. மாமாவும் கேட்டுக்கிட்டிருக்காரு."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அவ சொல்லச் சொல்ல நான் எழுதுனேன் அத்தை. அவ எழுத்த மாமா கண்டுபிடிச்சிடுவாருன்னு. அந்தச் சொல்லு வந்தா நிறுத்திடுவா. நான் எடம் விட்டுட்டுக் காத்திருப்பேன். அப்புறம் அடுத்த சொல்லச் சொல்லுவா. அவ சொல்லாதத நான் எப்படி எழுதறது?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"எங்க தொழில்ல சொந்த வீட்டாளுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்ககிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு எத்தனையோ தடவ கெஞ்சுனேன். அப்பாவோட வசனம்தான் வேணும்னா. அப்போ அப்பாகிட்ட நேரா போயிக் கேளுன்னேன். மகளாப் போனா பிரசங்கம் கிடைக்கும், நம்பராப் போனாத்தான் காது கிடைக்கும்னா."

போதகர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் சிவப்பு மையில எழுதியிருந்தத நான் வாசிச்சுக் காட்டல. மறைச்சு வெச்சேன். அந்தக் கோவத்துலதான் அன்னிக்குச் சாப்பாட்டுல எழுந்து போனேன். ஆனா அவ தேடி எடுத்துப் படிச்சிட்டா." மருமகனின் குரல் உடைந்தது. "கடைசிப் பக்கத்தப் பாத்தீங்களா? அத நான் எழுதல."

கடைசி இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. அவள் நகத்தால் பிரித்தாள். பென்சிலில் மகளுடைய குண்டுக் கையெழுத்து. ஒரே ஒரு வரி.

"வாசி," என்றார் போதகர்.

அவளால் முடியவில்லை. ஆனாலும் வாசித்தாள்.

"'போதகரே, என் குழந்தை போனதற்கு நான் செய்த பாவம் எதுவென்று நீங்களே சொல்லிவிடுங்கள், அதையும் பத்துத் தடவை எழுதுகிறேன்.'"

முப்பது வருட மண வாழ்க்கையில் தன் கணவர் சொல்லில்லாமல் நின்று அவள் பார்த்ததில்லை. எந்தச் சாவு வீட்டிலும் அவரிடம் ஒரு வசனம் இருக்கும். இப்போது வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது.

"மாப்பிள்ள," என்று கடைசியில் போனைப் பார்த்துச் சொன்னார். "வசனத்துல பிழை இல்ல. வாசிச்ச நான்தான் பிழை பண்ணிட்டேன்."

அவர் போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"அந்த டாக்டரம்மா இன்னிக்கு இருப்பாங்களா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இந்தக் கேள்வியை இந்த வாயிலிருந்து கேட்பதற்குள் தன் தலை முழுக்க நரைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நாலு மணிக்கு இருப்பாங்க மாமா."

"நானும் வர்றேன். வேதத்தையும் கொண்டுவருவேன், அத விட முடியாது."

"கொண்டுவாங்க மாமா. அவ கேட்டதே அதத்தானே. ஆனா மொதல்ல அவகிட்ட போனைக் குடுங்க. எடுக்கவே மாட்டேங்கறா."

"யார்கிட்ட?" என்றாள் அவள்.

"அவகிட்டதான். காலைல நோட்ட எடுத்துக்கிட்டு, அம்மா வீட்டுக்குப் போறேன்னு கெளம்பினாளே. ஒன்பது மணிக்கு."

அப்போது மணி ஒன்றரை. வீடு பூட்டிக் கிடந்தது. ஒன்பதுக்குத் தாய் அச்சகத்தில் ஃபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாகமாட்டேன், அப்புறம் ஒரு வெற்றிடம். ஆறு வாரமாக அதே வெற்றிடம். நோட்டு தாயின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

போதகர் மேசையில் மோதிக்கொண்டு முன்கதவை நோக்கி ஓடினார். கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெளிச்சத்தில் கண் கூசியது. பெஞ்சில் நாலைந்து உருவங்கள், எல்லாம் கலங்கல். எது ஆண், எது பெண் என்றுகூடத் தெரியவில்லை. தேடி ஓட வேண்டிய நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் தெரியவில்லை.

ஏன் கூப்பிட்டார் என்று பிறகு அவருக்கே விளங்கவில்லை. வழக்கமாகக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"பதினேழு."

யாரும் அசையவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

பெஞ்சின் கோடியில் ஓர் உருவம் மெல்ல எழுந்தது.

பின்னால் வந்த தாய்க்கு முகம் தெரிந்தது. காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் மகள். கையில் பிளாஸ்டிக் வில்லை. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அதைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் வட்டம் பதிந்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஓரடி வைத்தவள், மகளுடைய பார்வையைப் பார்த்து நின்றுவிட்டாள். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை.

"உள்ள வரலாமா போதகரே?" என்றாள் மகள்.

அப்பா என்று சொல்லவில்லை. போதகர் தலையை மட்டும் ஆட்டினார்.

வருகிறவர்களுக்கான நாற்காலியில் அவள் போய் உட்கார்ந்தாள். போதகர் தன் நாற்காலிக்குப் போகவில்லை. தரையைத் தடவி நோட்டை எடுத்தார். மேசையைத் தடவிச் சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டையும் மகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, கீழே தரையில், அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் எழுதுனதத் திருத்தும்மா," என்றார். "உன் மேல எந்தப் பாவமும் இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன். நீ திருத்து."

மகள் சிவப்பு மையில் எழுதியிருந்த அந்த நான்கு வரிகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். அம்மாவிடம் பத்து வயதில் கற்றுக்கொண்ட விதத்தில், ஒரு வரியும் விடாமல், நீக்குக என்ற குறியோடு அடித்தாள்.

வாசலில் நின்ற தாய்க்குக் கண்ணீர் இறங்கியது. போதகருக்கு ஒன்றும் தெரியவில்லை. பேனா காகிதத்தில் போகிற சத்தத்தை மட்டும் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் பக்கத்தைத் திருப்பினாள். வசனம் எழுதியிருந்த கடைசி வரிக்கு வந்தாள். 'சாகமாட்டேன்' என்ற சொல்லுக்கு அடுத்த வெற்றிடத்தில், கூரை போன்ற அந்தச் சின்னக் குறியைப் போட்டாள். இங்கே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, சேர்க்க வேண்டும் என்பதற்கான குறி.

சொல்லை எழுதவில்லை. பேனாவை மூடவும் இல்லை.